கடினமும் விரயமும்: ‘டிராகன் குவெஸ்ட் 2’ ஐ முன்வைத்து ஒரு விவாதம்

1

யப்பானில் 1980களில் தோன்றிய பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டுக்கள் அண்மைக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுக்கப்பட்டு மீள வெளிவருகின்றன. அவ்வாறு ஒன்று வெளிவருந்தோறும் பழைய வழக்கொன்றும் உடன் உயிர்த்தெழுகின்றது. அவ்விளையாட்டுக்களின் கடினத்தை எள்ளளவுங் குறையாது பேணல் வேண்டும் என்பர் ஒரு சாரார். அக்கடினத்தை அடியோடு களைந்து, எவரும் தடையின்றி இறுதிவரை செல்ல வழிசெய்தல் வேண்டும் என்பர் மறு சாரார். சுருக்கங் கருதி முதற் சாராரைத் தூய்மைவாதிகள் எனவும் மறு சாராரை வசதிவாதிகள் எனவும் இங்குக் குறிப்பிடலாம்.

இவ்விரு சாராரும் தம்முட் பரம எதிரிகள் என்றே தம்மைக் கருதிக்கொள்கின்றனர். ஆயின், இவர்தம் வாதங்களைச் சற்று ஆழ்ந்து நோக்குவோர்க்கு, இரண்டும் ஒரே தவற்றின் இரு முகங்களே என்பது புலனாகும். ‘கடினம்’ என்னும் ஒரு சொல்லுக்குள் ஒன்றோடொன்று உறவில்லாத இரு பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்பதனை இரு சாராரும் உணர்ந்தாரல்லர். ஒன்று, அறியாத ஒன்றைத் தேடி அறியவேண்டியிருத்தலால் எழுவது. மற்றையது, முன்னரே செய்து முடித்ததனைக் காரணமின்றித் திரும்பவுஞ் செய்யவேண்டியிருத்தலால் எழுவது. முன்னதைக் கடினம் என்றும் பின்னதை விரயம் என்றும் வேறு பிரித்து வழங்குதலே தகும். முன்னது படைப்பின் உயிர். பின்னது அப்படைப்புப் பிறந்த காலத்தின் நோய். தூய்மைவாதிகள் நோயையும் உயிரென்று போற்றுகின்றனர். வசதிவாதிகள் நோய்க்கு மருந்து தேடப் புகுந்து உயிரையே வாங்கிவிடுகின்றனர்.

இக்கூற்றினைப் பொதுப்பட நிறுவ முயல்வதினும் ஒரு படைப்பினை எடுத்து ஆராய்தல் பயன்தரும். அதற்கு ‘டிராகன் குவெஸ்ட் 2’ இனும் பொருத்தமானது பிறிதொன்றில்லை. கடினமும் விரயமும் தத்தம் உச்சநிலையில் ஒருங்கே அமைந்த விளையாட்டு அது.

2

நின்டெண்டோ நிறுவனம் 1983 யூலை 15ஆந் திகதி வெளியிட்ட ஃபமிகொம் என்னும் வீட்டு விளையாட்டுப் பொறிக்கென, எனிக்ஸ் நிறுவனம் 1986 மே 27ஆந் திகதி ‘டிராகன் குவெஸ்ட்’ என்னும் விளையாட்டினை வெளியிட்டது. அதனை வகுத்தவர் யூஜி ஹோரி. நிரலாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் சுன்சொஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கொய்ச்சி நகமுரா. உருவங்களை வரைந்தவர் சித்திரக்கதை ஓவியரான அகிரா தொரியாமா. இசையமைத்தவர் கொய்ச்சி சுகியாமா. எட்டு மாதங்கள் கழித்து, 1987 ஜனவரி 26ஆந் திகதி, இதே குழுவினரின் இரண்டாம் பாகம் வெளிவந்தது. முதலாம் பாகத்தின் கார்ட்ரிட்ஜ் 64 கிலோபைட் கொள்ளளவு உடையது. இரண்டாம் பாகத்தினது 128 கிலோபைட். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கப்படும் ஒரு நிழற்படத்தினும் சிறிய இக்கொள்ளளவுக்குள் ஓர் உலகமே அடக்கப்பட்டது. யப்பானில் ஏறத்தாழ 24 இலட்சம் பிரதிகள் விற்பனையாயின.

கதை எளியது. ஹார்கொன் என்னும் கொடிய பூசகனின் படைகள் மூன்புர்க் அரண்மனையை அழிக்கின்றன. காயமுற்ற வீரனொருவன் லோரேசியா நாட்டுக்கு ஓடிவந்து செய்தி கூறி மடிகின்றான். லோரேசியாவின் இளவரசன் புறப்படுகின்றான். சமல்ட்ரியா இளவரசனையும் மூன்புர்க் இளவரசியையும் தேடிச் சேர்த்துக்கொள்கின்றான். மூவரும் லோட்டோ என்னும் பண்டைய வீரனின் வழித்தோன்றல்கள். கடல் கடந்து, ஐந்து சின்னங்களைத் திரட்டி, ஹார்கொனை வென்று, அவனால் அழைக்கப்பெற்ற சிடோ என்னும் அழிவுத் தெய்வத்தையும் அவர்கள் வீழ்த்துதல் வேண்டும். இவ்வளவே கதை.

ஆடும் முறையும் அவ்வாறே எளிதில் விளங்கத்தக்கது. ஊர்களில் உள்ளோரிடம் பேசிச் செய்தி அறிதல், வெளியிலும் குகையிலும் எதிர்ப்படும் அரக்கரோடு பொருதல், அதனாற் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளாற் படிநிலை உயர்தல், பொன்னாற் படைக்கலம் வாங்குதல் என்பனவே ஆடுபவரின் தொழில்கள். போரின்போது பொறி காத்து நிற்கும். ஆடுபவர் எண்ணித் துணிந்து கட்டளை இடலாம். விரலின் விரைவுக்கு இங்கு வேலையில்லை. குழு முழுவதும் மடியுமாயின், கையிருந்த பொன்னிற் பாதி பறிபோகும். ஆயின் ஈட்டிய அனுபவம் குறைவதில்லை. தோல்வி என்பது இவ்வுலகில் முடிவன்று, தாமதமே. இவ்விதியினை மனங்கொள்ளுதல் அவசியம். பின்வரும் வாதம் இதனையே அடிப்படையாகக் கொண்டது.

3

தூய்மைவாதிகளின் வாதத்தினை முதலில் நோக்கலாம். 1987இல் வெளிவந்த வடிவத்தில், அக்காலத்து இன்னல்கள் அனைத்தையும் ஏற்று ஆடி முடித்தவனே அதனை உண்மையில் ஆடியவன் என்பதே அவர்களது கொள்கை. அவ்வின்னல்களுள் முதன்மையானது ‘உயிர்மீட்பு மந்திரம்’ எனப்படுவது.

அக்காலத்துக் கார்ட்ரிட்ஜ்களுட் பெரும்பாலானவற்றில் ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்க வழியில்லை. ஆகவே ஆட்டத்தை நிறுத்தும்போது, அதுவரை அடைந்தவை அனைத்தும் ஓர் எழுத்துத் தொடராக மாற்றப்பட்டுத் திரையில் தோன்றும். அதனைத் தாளில் எழுதிவைத்து, மறுமுறை தொடங்கும்போது எழுத்தெழுத்தாக உள்ளிடல் வேண்டும். முதலாம் பாகத்தில் 20 எழுத்துக்களாக இருந்த இம்மந்திரம், மூவரின் விவரங்களையுந் தாங்கவேண்டியிருந்தமையால் இரண்டாம் பாகத்தில் 52 எழுத்துக்கள் வரை நீண்டது. யப்பானிய ஹிரகானா எழுத்தில் ‘பெ’ என்பதன் வல்லொலியும் மெல்லொலியும் ஒரே வடிவின. இரு சிறு கோடும் ஒரு சிறு வட்டமுமே அவற்றை வேறுபடுத்துவன. ‘நு’, ‘மெ’ ஆகியனவும் ஏறத்தாழ ஒத்த வடிவின. பழைய தொலைக்காட்சித் திரையில் இவ்வேறுபாடுகள் மங்கித் தோன்றும். 52 எழுத்துக்களுள் ஒன்று தவறினும் மந்திரம் பிழை என்னும் ஒற்றை வரியே விடையாகக் கிடைக்கும். பல மணிநேர உழைப்பு அத்துடன் மாயும்.

இதனை ஒரு தவமாகவும் தகுதியாகவும் போற்றுவோர் இன்றும் உளர். அவர்களை நோக்கி ஒரு வினாவே கேட்கற்பாலது: இவ்விழப்பினால் ஆடியவன் கற்றுக்கொண்டது யாது? குகையில் மடிந்தவன், அடுத்த முறை மூலிகை கூடுதலாகக் கொண்டுசெல்லக் கற்கின்றான். எவ்வரக்கனை முதலில் வீழ்த்துதல் வேண்டும் என்பதை அறிகின்றான். சிறு வட்டத்தைச் சிறு கோடாக எழுதியவன் விளையாட்டின் உலகைப் பற்றி எதனையுங் கற்றிலன். அவ்விழப்பு விளையாட்டுக்குள் நிகழ்ந்ததே அன்று. தாளுக்கும் திரைக்கும் இடையில் நிகழ்ந்தது. மேலும், தோற்றாலும் அனுபவம் குறையாது என்று விளையாட்டு அளித்த வாக்குறுதியையே அது பொய்ப்படுத்திவிடுகின்றது.

ஆக்கியோரே இதனை விரும்பிச் செய்தனர் என்று கொள்ளவும் இடமில்லை. 1988 பெப்ரவரி 10ஆந் திகதி வெளிவந்த மூன்றாம் பாகத்தில் பற்றரியின் துணையால் ஆட்டநிலையைச் சேமிக்கும் முறை புகுத்தப்பட்டது. இரண்டாம் பாகம் 1990இல் வட அமெரிக்காவில் வெளியிடப்பட்டபோது அதிலும் மந்திரம் நீக்கப்பட்டுப் பற்றரி இடம்பெற்றது. கைக்கு எட்டிய முதல் வாய்ப்பிலேயே ஆக்கியோர் களைந்தெறிந்த ஒன்றினை, அவர் பெயராலேயே வழிபடுவது விந்தையானதே.

தமிழ் கற்போர்க்கு இதனை விளக்க வேறெங்குஞ் செல்லவேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடப்படவில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெளிவுறக் காட்டப்படவில்லை. ஏடெழுதுவோர் கைப்பிழையாற் சிதைந்த பாடல்கள் பல. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை முதலானோர் அச்சிற் புள்ளியிட்டமையால் அப்பாடல்களின் ஆழம் குறைந்துவிட்டது என்று எவருங் கூறார். புள்ளியில்லாமை பாடலின் பண்பன்று. அதனைத் தாங்கிய ஓலையின் குறைபாடு. உயிர்மீட்பு மந்திரமும் அத்தகையதே.

தூய்மைவாதிகள் போற்றும் இரண்டாவது இன்னல், ஆட்டத்தின் இறுதிப் பகுதியாகிய ரொண்டர்கியா. அங்குச் செல்லும் குகை கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களும், பிழையான திருப்பத்தில் முடிவின்றிச் சுழலும் பாதைகளும் நிறைந்தது. அதனைத் தாண்டி வெளியேறினால் எதிர்ப்படுவது வெண்பனி மூடிய மேட்டுநிலம். அங்கு வாழும் அரக்கருட் சிலர், ஒரே மந்திரத்தாற் குழுவினர் பலரையும் ஒருசேர மாய்க்க வல்லவர். சிலர் தம்மையே பலியிட்டு மூவரையும் ஒருங்கே அழிக்க வல்லவர். இறுதிப் பகைவனாகிய சிடோ, தன் காயங்கள் முழுவதையும் ஒரு நொடியில் ஆற்றிக்கொள்ளும் மந்திரமும் அறிந்தவன்.

இவற்றுள்ளும் பாகுபாடு செய்தல் வேண்டும். குகையின் பள்ளங்கள் கடினத்தின்பாற்பட்டவை. ஒருமுறை விழுந்தவன் அவ்விடத்தைத் தன் சதுரக்கோட்டுக் கொப்பியிற் குறித்துக்கொள்ளலாம்; மறுமுறை விழமாட்டான். அவனது வரைபடம் வளர்வதே அவனது வெற்றி. ஆயின், எத்துணை ஆயத்தத்தோடு சென்றாலும் தற்செயலால் மூவரையும் மாய்க்கும் மந்திரத்துக்கு எவ்வறிவும் விடையாகாது. அது விரயத்தின்பாற்பட்டது. இறுதிப் பகுதியின் சமநிலை போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்பதனை ஆக்கியோரே பின்னாளில் ஒப்புக்கொண்டுள்ளனர். இரு பாகங்களுக்கும் இடைப்பட்டது எட்டு மாத காலமே என்பதை நோக்குமிடத்து இதில் வியப்பில்லை. அவசரத்தின் விளைவை மேதைமையின் வெளிப்பாடாகக் கொள்ளுதல் விமரிசனம் ஆகாது. அது வெறும் பக்தி.

தூய்மைவாதிகளின் வரலாற்றறிவும் குறையுடையதே. ஹோரி தம் விளையாட்டை வகுக்க முன்மாதிரியாகக் கொண்டவற்றுள் ஒன்று, 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘விசாட்றி’ என்னும் கணனி விளையாட்டு. அதிற் குழு முழுவதும் மடிந்தால் உடல்கள் சுரங்கத்திலேயே கிடக்கும்; வேறொரு குழுவை அனுப்பி அவற்றை மீட்டல் வேண்டும். உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். மீண்டுந் தவறினால் அம்மாந்தர் என்றென்றைக்கும் இல்லாதொழிவர். இக்கொடுமையைத் தணித்து, பாடசாலை மாணவனும் முடிக்கத்தக்கதாக்கியதே ஹோரியின் சாதனை. அன்றைய தூய்மைவாதியின் கண்ணுக்கு ‘டிராகன் குவெஸ்ட்’ தானே வசதிவாதத்தின் பிள்ளையாகத் தோன்றியிருக்கும். எளிமைப்படுத்தலாற் பிறந்த ஒரு படைப்பினை, எளிமைப்படுத்தலுக்கு எதிரான கோட்டையாக்குவது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும்.

தனியனாய் நின்று, எவர் துணையுமின்றி வென்ற வீரன் என்னும் படிமமும் பொய்யே. ஹோரி அக்காலத்தில் ‘சோனென் ஜம்ப்’ என்னும் சிறுவர் வார இதழில் எழுதிவந்தவர். அவ்விதழே இவ்விளையாட்டு பற்றிய குறிப்புக்களைத் தாங்கிவந்தது. அவ்விதழின் விளையாட்டுப் பகுதியை எழுதிய மூவரின் புனைபெயர்களையும், ஹோரி, தொரியாமா ஆகியோரின் பெயர்களையும் வரிசையாகக் கோத்து, எஞ்சிய இடங்களை ‘பெ’ என்னும் எழுத்தால் நிரப்பினால் அதுவே செல்லுபடியாகும் மந்திரமாகிவிடும். அதனால் 48ஆம் படிநிலையில் உள்ள வீரனோடு ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது யப்பானில் அக்காலத்து ஆடினோர் அனைவரும் அறிந்த செய்தி. குறுக்குவழி அன்றும் இருந்தது. அது கைமாறியது, சிரிப்போடு கைமாறியது. அதனால் விளையாட்டு அழிந்துவிடவில்லை.

4

இனி வசதிவாதிகளின் பக்கம் திரும்பலாம். மேற்கூறியவற்றைக் கேட்டு அவர்கள் மகிழ்வாராயின் அம்மகிழ்ச்சி நெடிது நில்லாது. ஏனெனில், அவர்கள் செய்யுந் தீங்கு தூய்மைவாதிகளின் தீங்கினும் பெரிது. தூய்மைவாதி பிறரை வாயிலில் தடுத்து நிறுத்துகின்றான். வசதிவாதியோ அவர்களை உள்ளே அழைத்துச் சென்று, வீட்டில் இருந்த பொருளை அப்புறப்படுத்திவிடுகின்றான்.

‘கதையை அறிவதே நோக்கம், வீணே அலைவது எதற்கு?’ என்பது அவர்களது வாதத்தின் சாரம். ஆகவே செல்லவேண்டிய இடத்தை வரைபடத்திற் குறியிட்டுக் காட்டுக என்கின்றனர். வழிகாட்டியை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு மறு கையால் ஆடுகின்றனர். இவ்விளையாட்டின் கதை மேலே ஒரு சிறு பந்தியிற் கூறி முடிக்கப்பட்டது. அதனை அறிவதே நோக்கமாயின் அப்பந்தியே போதும், ஆடவேண்டியதில்லை. கதை அதன் சுருக்கத்தில் இல்லை, அலைவதிலேதான் இருக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவுபடுத்தும். ஆட்டத்தின் தொடக்கத்தில் லோரேசியா இளவரசன் சமல்ட்ரியா இளவரசனைத் தேடிச் செல்கின்றான். அரண்மனைக்குச் சென்றால், அவன் வீரரின் நீரூற்றுக்குப் போய்விட்டான் என்கின்றனர். நீரூற்றுக்குச் சென்றால், லோரேசியாவுக்குப் புறப்பட்டுவிட்டான் என்கின்றனர். சொந்த ஊருக்கே திரும்பிச் சென்றால், வந்தான், போய்விட்டான் என்கின்றனர். இறுதியில் அவன் அகப்படும் இடம் லிலிசா என்னும் சிற்றூரின் விடுதி. அங்கு ஆறுதலாக இருந்துகொண்டு, இவ்வளவு காலமும் தானே இவனைத் தேடியலைந்ததாக அவன் கூறுகின்றான். கால்நோக அலைந்தவனுக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒருங்கே எழும். அந்நொடியிலேயே அவ்விளவரசன் ஒரு பாத்திரமாக உயிர்பெறுகின்றான்; அவனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினாலும் அது கைகூடாது. லிலிசாவின் மீது தொடக்கத்திலேயே ஒரு குறியை இட்டுவிட்டால், அங்கு அகப்படுபவன் வெறும் ஆள் எண்ணிக்கையே. சமல்ட்ரியா இளவரசன் அல்லன்.

இன்னும் ஒன்று. ஓர் ஊரின் கடையிற் பொருட்பட்டியல் திரையில் விரிகின்றது. நடுவே ஒரு வரி வெறுமையாக இருக்கின்றது. பெரும்பாலானோர் அதனைப் பொருட்படுத்தாது செல்வர். அவ்வெறும் வரியையே தெரிவு செய்பவனுக்குச் சிறைச்சாலைத் திறவுகோல் விற்கப்படுகின்றது. 128 கிலோபைட் கொள்ளளவினுள் நின்று, எழுத்தில்லாத ஓரிடத்தையே பொருளுடையதாக்கிய உத்தி இது. உலகை உற்று நோக்கும்படி இது ஆடுபவனைப் பழக்குகின்றது. ‘வெறும் வரியை அழுத்துக’ என்று முன்கூட்டியே அறிந்து அழுத்துபவனுக்குத் திறவுகோல் கிடைக்கும், பார்வை கிடைக்காது. பரீட்சைக்கு முதல்நாள் விடைக்குறிப்பை மனனஞ் செய்தவன் புள்ளி பெறுவதும், பாடத்தை அறியாதிருப்பதும் இத்தகையனவே.

‘விரும்பாதவர் அவ்வுதவிகளைப் பயன்படுத்தாது விடலாமே, தெரிவு இருப்பதில் என்ன குற்றம்?’ என்பது அவர்களது இறுதி அரண். 2024 நவம்பர் 14ஆந் திகதி வெளிவந்த மூன்றாம் பாகத்தின் புதிய வடிவம், செல்லுமிடத்தைக் காட்டுங் குறியை ஆடுபவர் விருப்பப்படி வைக்கவும் நீக்கவும் இடமளித்தது. அதிலேயே, குழுவினர் மடியாதிருக்கும் இலகு நிலை உட்பட மூன்று நிலைகளும் அமைந்தன. முதலிரு பாகங்களின் புதிய வடிவம் 2025 ஒக்ரோபர் 30ஆந் திகதி வெளிவந்தது. தெரிவு என்பது நல்லதே. ஆயின், தெரிவு செய்வோன் எதனைப் பெறுகின்றான், எதனை இழக்கின்றான் என்பதை அறிந்திருந்தாலன்றி அது தெரிவாகாது. முதன்முறை ஆடவருபவன், குறியை ஏற்பதனால் தான் இழப்பது யாதென்பதை அறியான், இழந்தபின்னரும் அறியான். ஏனெனில், ஒருமுறை அறிந்ததனை மீண்டும் அறியாததாக்குதல் எவராலும் இயலாது. பறிபோன பொன்னை மறுபடியும் ஈட்டலாம். பறிபோன அறியாமையை எக்கடையிலும் வாங்கவியலாது.

இவ்விடத்தில் இரு சாராரும் ஏற்க மறுக்கும் ஒரு முடிவுக்கு வரவேண்டியுள்ளது. மடியாத நிலையினை எள்ளி நகையாடுகின்றனர் தூய்மைவாதிகள். ஆனால், அந்நிலையிற் குறியின்றி ஆடுபவன், உலகினைத் தானே தேடுகின்றான், ஊராரிடம் வினவுகின்றான், சின்னங்களைத் தன் அறிவாலேயே கண்டடைகின்றான். அச்சம் குறைந்தாலும் தேடல் எஞ்சுகின்றது. மாறாக, மிகக் கடுமையான நிலையினைத் தெரிந்துகொண்டு வழிகாட்டியின்படி அடிக்கு அடி நடப்பவன், பலமுறை மடிந்து பெருமை கொள்ளலாம். ஆயின் அவன் தேடியது எதுவுமில்லை. இவ்விருவருள் படைப்பினை உண்மையில் அனுபவித்தவன் முன்னவனே.

5

அவ்வாறாயின், எதிரெதிர் நிற்பன போலத் தோன்றும் இவ்விரு கொள்கைகளின் பொது வேர் யாது? இரண்டும் இறுதித் திரையினை உடைமையாகக் கருதுவனவே. தூய்மைவாதிக்கு அது துன்பத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய பதக்கம். விலை குறைந்தால் தன் பதக்கத்தின் மதிப்புங் குறையும் என்று அஞ்சுகின்றான். வசதிவாதிக்கு அது இயன்றளவு மலிவாக வாங்கவேண்டிய பண்டம். விலை பற்றியே இருவரும் பூசலிடுகின்றனர். இடையில் உள்ள வழியே படைப்பு என்பதனை இருவருங் கண்டிலர். சந்தைப் பண்பாடு ஊறிய ஒரு காலத்தில், விளையாட்டும் விற்பனைச் சரக்காகவே நோக்கப்படுவதில் வியப்பில்லை. ஆனால், விமரிசனத்தின் கடமை அந்நோக்கினை ஏற்பதன்று.

இங்கு ஒரு தடை எழக்கூடும். ரொண்டர்கியாவின் பனிவெளியில் ஒரு சிறு ஆலயம் உண்டு. குகையின் இருளையும் அரக்கரையுங் கடந்து, மூவருள் ஓரிருவர் மடிந்த நிலையில் அதனை அடைபவன் உறும் ஆறுதல் பெரிது. இழப்பின் அச்சம் இல்லாவிடில் அவ்வாறுதலும் இல்லையே. விரயத்தை நீக்கினால் ஆறுதலும் நீங்காதா? இத்தடை மதிக்கத்தக்கது. ஆயினும், அச்சங்கள் அனைத்தும் ஒருதன்மையன அல்ல. ஆயத்தம் போதாமையால் மடிவோமோ என்னும் அச்சம் அப்பனிவெளிக்குரியது. அவ்வாலயத்தை ஒளிபெறச் செய்வது அதுவே. எழுத்தொன்று பிழைத்ததோ என்னும் அச்சம் அப்பனிவெளிக்கு உரியதன்று, கடதாசிக்கு உரியது. முன்னதைக் காத்துப் பின்னதை நீக்குதல் இயலும். பற்றரியின் வருகையால் அவ்வாலயத்தின் ஆறுதல் குன்றிவிடவில்லை.

காலமும் கருதற்பாலது. 1987இல் இதனை ஆடிய யப்பானியச் சிறுவனிடம் விடுமுறை நாட்கள் இருந்தன. இன்று ஆட விரும்பும் தொழிலாளியிடமோ மாணவனிடமோ இருப்பது நாளுக்கு அரைமணி நேரமாக இருக்கலாம். ஒரே அரக்கனை நூறு முறை கொன்று படிநிலை உயரும் வேலையை விரைவுபடுத்திக் கொடுத்தல் அவனுக்குச் செய்யும் நீதி. 1993 டிசம்பர் 18ஆந் திகதி சூப்பர் ஃபமிகொம் பொறிக்கென முதலிரு பாகங்களும் சேர்த்து வெளியிடப்பட்டபோதே இவ்வழியிற் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆயின், அவனுக்கு நேரமில்லை என்பதனால் அவனுக்குச் சிந்தனையும் வேண்டாம் என்று முடிவுசெய்வது அவனை இழிவுபடுத்துவதாகும். அவனிடம் இல்லாதது நேரமே, அறிவன்று.

ஆகவே பழைய விளையாட்டொன்றைப் புதுக்குவோரும், அதனை மதிப்பிடுவோரும் ஒவ்வோர் இன்னலையும் தனித்தனியே எடுத்து ஒரு வினாவினால் அளத்தல் வேண்டும்: இதிற் தோற்றவன், தோற்றதனால் அவ்வுலகைப் பற்றி எதனையேனும் அறிகின்றானா? அறிவானாயின் அது கடினம், அதனைத் தொடலாகாது. அறியானாயின் அது விரயம். அதனை இரக்கமின்றிக் களையலாம். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதிய பழைய உரைகாரர், காலத்தால் மறைந்த சொற்களுக்குப் பொருள் தந்தார். கண்ணகிக்காகக் கற்போன் தானே துயருறவேண்டிய இடத்தில் அவனுக்குப் பதிலாகத் துயருறவில்லை. புதுக்குவோர் கற்கவேண்டிய எல்லை அதுவே.

உண்மையில், அத்தகைய உதவி எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதனை இவ்விளையாட்டே தன்னகத்துக் காட்டியுள்ளது. ஐந்து சின்னங்களைத் தேடுவோனுக்கு எதிரொலிக் குழல் ஒன்று கிடைக்கின்றது. ஐயமுற்ற இடத்தில் அதனை ஊதினால், சின்னம் அவ்விடத்தில் உளதாயின் எதிரொலி கேட்கும். இலதாயின் ஒலி அடங்கிவிடும். சின்னம் அங்கு உண்டு என்பதை மட்டுமே குழல் கூறும். எந்தத் தளத்தில், எந்த மூலையில், எந்தக் கல்லின் கீழ் என்பதனை அது கூறாது. வெறும் இடத்தில் அலைந்து நாள் கழியாமல் அது காக்கின்றது. ஆயினும் கண்டடையும் உரிமையை ஆடுபவனிடமிருந்து பறிப்பதில்லை. விரயத்தை நீக்கிக் கடினத்தைக் காக்கும் கலையை 1987இலேயே அறிந்திருந்த ஒரு படைப்பினை, அதன் பிழைகளுக்காகத் தொழுவோரிடமும், அதன் தேடலைப் பறிப்போரிடமும் ஒப்புவித்தல் ஆகாது. இவ்விரு சாராரிடமிருந்தும் அதனை மீட்பது, இத்துறையில் இனி ஆராயப் புகும் மாணவர் தலைமுறையின் கடனாகும்.